மஞ்சள் வண்டியின் வலது பக்கம்

அம்பத்தூர்ப் பட்டறையில் பெயிண்ட் பிரிவில் சூப்பர்வைசராக இருந்த கடைசிப் பதினோரு வருஷமும் எனக்கு இருந்த பட்டப்பெயர் 'சுரண்டல்'. பழைய வண்டியில் எழுத்தோ படமோ இருந்தால், அந்த இடத்தை வெறும் தகடு தெரியும்வரை சுரண்டிய பிறகுதான் மேற்கொண்டு வேலை பார்க்க விடுவேன். மேலே பட்டிப் பசையை அப்பித் தேய்த்தால் போதாதா, யாருக்குத் தெரியப்போகிறது என்பார்கள். சுரண்டு என்பேன். காரணம் சொல்ல மாட்டேன். இப்போது ஓய்வு பெற்று வீட்டில் கிடப்பவனைத் தேடி வந்து, பட்டறை போடுகிற ஆயுத பூஜை மலருக்கு அந்தக் காரணத்தை எழுதிக் கொடுங்கள் என்கிறார்கள். நாலு தடவை தட்டிக் கழித்தேன். ஐந்தாவது தடவை தட்டிக் கழிக்கவும் தெம்பு இல்லை.

அந்தக் காலத்தை ஆகா ஓகோ என்று எழுதுவேன் என்று எதிர்பார்க்கிறவர்கள் மலரின் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். வர்ணத்துக்கு வெள்ளை ஈயத்தைக் கல்லில் போட்டுக் கையால் அரைத்தோம். அந்தக் கையாலேயே சாப்பிட்டோம். வயிறு முறுக்கிக்கொண்டு வாரக்கணக்கில் சுருண்டு படுத்தவர்களை எனக்குத் தெரியும். இன்று ஸ்பிரே துப்பாக்கியை வைத்துக்கொண்டு இரண்டு நாளில் முடிக்கிற வேலையை நாங்கள் இரண்டு மாதம் செய்தோம். இரண்டு மாதம் ஆனதாலேயே அது உசந்த வேலை ஆகிவிடாது. முதுகு போனதுதான் மிச்சம்.

இது இரண்டாம் யுத்தம் தொடங்குவதற்கு நாலைந்து வருஷம் முந்திய கதை. காட்டுப்பாக்கத்துக்குச் சற்று முன்னால், பூந்தமல்லி போகிற ரோட்டின் ஓரத்தில் கன்னியப்ப மேஸ்திரியின் ஷெட் இருந்தது. அவர் பட்டணத்தில் துரைமார்களின் குதிரைக் கோச்சுகளுக்கு வர்ணம் பூசிப் பழகியவர். குதிரை போய் மோட்டார் வந்ததும் மோட்டாருக்குப் பூசினார். நான் வானகரத்திலிருந்து நடந்து வருவேன். முதல் மூன்று வருஷம் என் கையில் தேய்க்கிற நுரைக்கல்லும் தண்ணீர் வாளியும்தான். நாலாவது வருஷம் பிரஷ் கிடைத்தது. அதைப்பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

மேஸ்திரியைப்பற்றிச் சொல்ல வேண்டும். அவர் திட்ட மாட்டார். கை ஓங்க மாட்டார். வேலை முடிந்த இடத்தை உள்ளங்கையால் தொடமாட்டார், புறங்கையால் தடவிப் பார்ப்பார். உள்ளங்கை காய்த்துப் போயிருக்கும், அது பொய் சொல்லும் என்பார். ஒரு விஷயத்தை நம்மிடம் ஒரு தடவைதான் கேட்பார். "தேச்சியா?" என்றால், "தேச்சேன்" என்போம். தலையாட்டிவிட்டுப் போவார். அதையே இரண்டாவது தடவை கேட்டால் நம் பொய்யைக் கண்டுகொண்டுவிட்டார் என்று அர்த்தம்.

அப்போதெல்லாம் இன்ன வண்ணத்துக்கு இன்ன நம்பர் என்று அட்டை கிடையாது. வண்டிக்காரர் தனக்கு வேண்டிய நிறத்துக்கு ஒரு பொருளைக் கையோடு கொண்டுவருவார். மனைவியின் பட்டுப்புடவைத் தலைப்பு, நாயின் கழுத்துப்பட்டை, மருந்துக் குப்பி, எல்லாம் வந்திருக்கின்றன. திருமழிசைப் பக்கத்து மிராசுதார் ஒருவர் ஒரு கொழுந்து வெற்றிலையைக் கொடுத்து, அச்சாக இதே பச்சை வேண்டும் என்றார். நாங்கள் கலந்து பார்த்துக்கொண்டே இருந்த நாலு நாளில் வெற்றிலை பழுத்துக்கொண்டே வந்தது. கடைசியில் எங்கள் வர்ணமும் வெற்றிலையும் ஒத்துப்போனபோது இரண்டுமே மஞ்சள் பாய்ந்திருந்தன. அவர் புதிதாக ஒரு வெற்றிலையைப் பக்கத்தில் வைத்துக் காட்டியபோது மேஸ்திரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்றுதான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

பூந்தமல்லியில் ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரி நடத்தி வந்த லேடி டாக்டர் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் டாக்டரம்மாதான். ஆவணி மாதத்தில் ஒரு நாள் அவர் ஒரு நீளமான கறுப்பு வண்டியில் வந்து இறங்கினார். அந்த வண்டியைப் பார்த்ததும் ஷெட்டில் இருந்த நாங்கள் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டோம். மரியாதைக்காக அல்ல. அது பிரேத வண்டி. பட்டணத்துச் சவப்பெட்டிக்காரர் ஒருவருடையது. பட்டாளத்து ஆஸ்பத்திரியில் இறந்துபோகிற வெள்ளைக்காரச் சிப்பாய்களைக் கல்லறைக்கு ஏற்றிப்போக வருஷக்கணக்காக அந்த ரோட்டில் வந்து போன வண்டி. இரண்டு பக்கத் தகட்டிலும் தங்கரேக்கு ஒட்டி ஒரு மலர் வளையம் போட்டிருக்கும். ஊர்ஜனங்கள் அதை மாலை வண்டி என்பார்கள். கண்ணில் பட்டால் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு தரையில் துப்புவார்கள்.

"ஏம்மா இதப் போயி வாங்கினீங்க?" என்றார் மேஸ்திரி.

"வலி எடுத்தவளை நீட்டிப் படுக்க வைக்கிற மாதிரி வேற வண்டி எங்கே இருக்கு மேஸ்திரி? பின்கதவைத் திறந்தா கட்டிலோட உள்ளே தள்ளலாம். இதை விட்டா மாட்டு வண்டிதான்."

"ஏற மாட்டாளுங்களே."

"ஏறலை. ரெண்டு பேர் ஏறலை. மாட்டு வண்டியிலேயே வர்றேன்னு வந்தாங்க. ஒருத்தி வழியிலேயே போயிட்டா. இதை யாருக்கும் அடையாளம் தெரியாம பண்ணிக் கொடுங்க."

"இன்னா கலரு அடிக்கணும்?"

"நீங்க சொல்லுங்க."

"என்னைக் கேட்டா இன்னா பிரயோசனம்? ஏறப்போறவங்கள கேளுங்கம்மா."

அவர் நிஜமாகவே போய்க் கேட்டார். ஆஸ்பத்திரிக்கு வந்த பெண்களிடம், அவர்களோடு வந்த மாமியார்களிடம், ஊர் மருத்துவச்சிகளிடம் எல்லாம் கேட்டார். ஒரு வாரம் கழித்து ஒரு மருத்துவச்சியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தக் கிழவி இடுப்பிலிருந்து ஒரு புதுத் தாலிக்கயிற்றை எடுத்து மேஸ்திரியின் கையில் வைத்தாள்.

"இந்த மஞ்சளு அடிங்க நைனா. இதுல ஏறாத பொம்பள இன்னும் பொறக்கல" என்றாள்.

எங்கள் ஷெட்டுக்கு வந்ததிலேயே சிரமமான வேலை அதுதான். மஞ்சள் ஒரு சோனி வர்ணம். அடியில் இருப்பதை மறைக்காது. அதுவும் கறுப்பின் மேல் போட்டால் பாசி படிந்த மாதிரி ஆகிவிடும். மேஸ்திரி மூன்று பலகைகளில் மூன்று மஞ்சள் பூசிக் கொடுத்தார். டாக்டரம்மா அவற்றை ஆஸ்பத்திரி வாசலில் மாட்டிவைத்துப் பெண்களைத் தொடச் சொன்னார். முதல் பலகையைப் பார்த்து மஞ்சக்காமாலை என்றார்களாம். இரண்டாவதை, தபால் ஆபீசில் ஒட்டுகிற காகிதம் போல இருக்கிறது என்றார்களாம். மூன்றாவது பலகையை ஒருத்தி கன்னத்தோடு வைத்துப் பார்த்தாளாம். அந்த மஞ்சளை முடிவு செய்தோம்.

அதற்குப் பிறகு ஷெட்டில் நடக்க வேண்டிய வேலையை மேஸ்திரி எனக்கு விரலை மடக்கிச் சொன்னார். முதலில் மாலை இருக்கிற பக்கங்களின் பழைய வர்ணத்தைத் தீ ஊதும் புளோ லாம்ப்பால் சூடு காட்டி, இளகும்போது கரண்டியால் வழித்து எடுக்க வேண்டும். தகரம் தெரிந்ததும் தேய்த்து, அடிவர்ணம், பட்டி, பட்டியின் மேல் நுரைக்கல் தேய்ப்பு. அதற்கு மேல் வெள்ளை நாலு கோட்டு, மஞ்சள் மூன்று கோட்டு, வார்னீஷ் இரண்டு கோட்டு. ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவே காய்வதற்கு நாள் விட வேண்டும். வார்னீஷ் அடிக்கிற நாளில் தரைக்குத் தண்ணீர் தெளித்து, கோணியை நனைத்து வாசலில் தொங்கவிட்டு, நாங்கள் நனைந்த கோவணத்தோடு நின்று வேலை செய்வோம். துணியிலிருந்து ஒரு இழை பறந்து வந்து ஒட்டினாலும் அந்தப் பக்கம் முழுக்கப் போயிற்று. ஐப்பசி மழை பிடித்துவிட்டால் வார்னீஷ் வெளுத்துப் பால் பூத்துவிடும். ஆக, எல்லாவற்றையும் மழைக்கு முன்னால் முடித்தாக வேண்டும்.

"மத்த எடத்துல தேச்சா போதும். மாலை போட்டிருக்கிற ரெண்டு பக்கமும் தகரம் தெரியுற வரைக்கும் எரிச்சு எடுத்துடு" என்றார். "தங்கரேக்குக்கு அடியில பசை கீது. மேல பழைய வார்னீஷு கீது. சுத்தி வேற பெயிண்டு கீது. ஒன்னொன்னும் ஒரு தினுசா சுருங்கும். கையில தெரியாது. வெயில்ல நாளாவ நாளாவத்தான் தெரியும்."

இதைச் சொன்ன மறுநாள் அவருக்கு வயிற்று வலி வந்தது. எங்கள் எல்லோருக்கும் வருகிற அதே ஈய வலிதான். பதினைந்து நாள் அவரால் எழுந்து வர முடியவில்லை.

இடது பக்கத்தை நான் ஒழுங்காகச் செய்தேன். இரண்டு நாள் பிடித்தது. வலது பக்கத்தில் லாம்ப்பைக் காட்டியபோது ஓரத்தைப் பற்றவைத்திருந்த ஈயம் உருகிச் சொட்டியது. தகரம் லேசாக உப்பியது. பின்னால் மரச்சட்டம் புகைய ஆரம்பித்தது. நான் பயந்து லாம்ப்பை அணைத்தேன். அதைச் சரியாகச் செய்வதென்றால் தகட்டைக் கழற்றி, தகடு நிமிர்த்துகிற டிங்கரை வரவழைத்து, திரும்பப் பொருத்த வேண்டும். ஒரு வாரம் போகும். மேற்கே மேகம் கட்டிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா தினமும் ஆள் அனுப்பி எப்போது முடியும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். அதனால் நான் வலது பக்கத்து மாலையை எரிக்காமல், நுரைக்கல்லால் தேய்த்து மட்டப்படுத்தி, மேலே அரக்குப் பூசி, பட்டி வைத்து மூடினேன். கண்ணை மூடிக்கொண்டு புறங்கையால் தடவிப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி இருந்தது. எனக்கு உள்ளூர ஒரு கர்வம்கூட வந்தது.

மேஸ்திரி எழுந்து வந்தபோது வெள்ளை இரண்டு கோட்டு ஆகியிருந்தது.

"ரெண்டு பக்கமும் எரிச்சியா?"

"எரிச்சேன் மேஸ்திரி."

புறங்கையால் தடவினார். தலையாட்டினார். இரண்டாவது தடவை கேட்கவில்லை.

மழைக்கு ஐந்து நாள் முன்பு வண்டி வெளியே போனது. ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். பூந்தமல்லி போலீஸ் இன்ஸ்பெக்டர் சைக்கிளை நிறுத்தி, "யார் வீட்டுக் கல்யாணம்யா?" என்று கேட்டார். அந்த வாரமே குன்றத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் அதில் ஏறி வந்து ஆண் குழந்தை பெற்றாள். அப்புறம் நூம்பலிலிருந்து ஒருத்தி. அப்புறம் மாங்காட்டிலிருந்து. ஜனங்களுக்கு மறதி என்பது ஒரு வரம். மாலை வண்டி என்ற பேச்சே போய் மஞ்ச வண்டி ஆகிவிட்டது. டாக்டரம்மா ஷெட்டுக்கு வந்து, நீங்கள் செய்ததே பாதி வைத்தியம் என்று மேஸ்திரியிடம் சொன்னபோது நானும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இல்லை. உண்மையில் நான் மறந்தே போயிருந்தேன்.

தை மாதம் பாதியில் அந்த வண்டியின் டிரைவர் துரைசாமி ஷெட்டுக்கு வந்தான். ஏதோ மாட்டு வண்டி மட்கார்டில் உரசியிருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவன் பேசிக்கொண்டே இருந்தான்.

"காட்டுப்பாக்கத்துல ஒரு கூத்து அண்ணாத்தே. பெருமாள்னு ஒருத்தன், அவன் பொண்டாட்டி கோவிந்தம்மா. தலைப்பிரசவம். காலையில போயி வண்டிய நிறுத்துனேன். நடந்து வந்தவ, வண்டியாண்ட வந்ததும் நின்னுட்டா. 'மாலை கீது, மாலை கீது'ன்னு ஒரே கத்து. எங்கடி கீதுன்னு மாமியாக்காரி வந்து பாக்குறா, ஒன்னுங் காணோம். நானும் பாத்தேன். ஒன்னுமில்ல. எவ்ளோ சொல்லியும் ஏறல. மாட்டு வண்டியில போட்டு இட்டுக்கினு வந்தாங்க. வர்றதுக்குள்ள கொழந்த செத்துப்போச்சு. ஆம்பளப் புள்ள."

"அவ?"

"அவ பொழச்சிக்கினா. இன்னாத்துக்குப் பொழச்சா? இல்லாத மாலையக் கண்டு புள்ளைய முழுங்கிட்டான்னு மாமியாக்காரி ஊட்ட உட்டுத் துரத்திட்டா. அம்மா ஊட்ல கீறா. புருசனுக்கு வேற பொண்ணு பாக்கறாங்களாம்."

"டாக்டரம்மா இன்னா சொன்னாங்க?"

"அவங்க அன்னிக்கி சாயங்காலமே வண்டிய சுத்திச் சுத்திப் பாத்தாங்க. பயத்துல கண்ணு ஏமாத்தியிருக்கும்னு சொல்லிட்டாங்க."

வண்டியை அன்று ஷெட்டிலேயே விட்டுவிட்டுப் போகச் சொன்னேன். மறுநாள் விடிந்ததும் வெளியே தள்ளி, கிழக்கு பார்த்து நிறுத்தினேன். வெயில் பக்கத் தகட்டை ஒட்டி வழுக்கிக்கொண்டு வந்தது. நான் பின்பக்கம் போய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வலது பக்கத்தை நீளவாக்கில் பார்த்தேன். மஞ்சளுக்கு அடியில், தோலுக்குள் நரம்பு தெரிகிற மாதிரி, வளையம் முழுசாக இருந்தது. இலைகள்கூட எண்ணலாம் போல இருந்தது. எதிரே நின்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. வெயில் ஏறியதும் பின்னாலிருந்தும் தெரியவில்லை. நடந்து வந்தவளுக்கு அந்த ஒரு கோணம், அந்த ஒரு நேரம் அமைந்திருக்கிறது.

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். நான் செய்தது வேறு. நுரைக்கல் பொடியை எண்ணெயில் தொட்டு, வலது பக்கத்தை மட்டும் மெதுவாகத் தேய்த்து, வார்னீஷின் பளபளப்பைக் குறைத்தேன். மினுக்கம் இல்லாத பரப்பில் மேடு பள்ளம் தெரியாது. தொழில் தெரிந்தவனுக்குத்தான் இப்படி மறைக்கவும் தெரியும். இனி யாரும் பயப்பட மாட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படி மறைத்ததால் கோவிந்தம்மா ஆயுசுக்கும் பொய்க்காரி ஆகிவிடுவாள் என்பதும் எனக்குத் தெரிந்தேதான் இருந்தது.

மாசிக் கடைசியில், ஒரு மத்தியானம், ஒரு பெண் தனியாக ஷெட்டின் வாசலில் வந்து நின்றாள். இருபது வயதுகூட இருக்காது. நடந்து வந்த புழுதி முழங்கால்வரை இருந்தது. மேஸ்திரி உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான்தான் எழுந்து போனேன்.

"அந்த மஞ்ச வண்டிக்கு நீங்கதான பெயிண்ட் அடிச்சது?"

"ஆமா. நீ யாரும்மா?"

"காட்டுப்பாக்கம் பெருமாளு சம்சாரம்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "கோவிந்தம்மா" என்றாள். "ஒன்னே ஒன்னு கேட்டுட்டுப் போயிடறேண்ணே. அந்த வண்டியில மாலை கீதா? நான் பாத்தேன். யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. அடிச்சவங்களுக்குத் தெரியுமேன்னு வந்தேன்."

அவள் சண்டைக்கு வரவில்லை. அழவில்லை. விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்டுப்போக வந்திருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்:

"இல்லம்மா. எல்லாத்தையும் எரிச்சு எடுத்துட்டோம். அதுல ஒன்னுமில்ல."

"ஒன்னுமில்லையா?"

"இல்ல."

அவள் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டாள். "சரிண்ணே" என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கிப் போனாள். என் வாழ்க்கையில் நான் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். 'சரிண்ணே' என்று ஏற்றுக்கொள்ளப்பட்ட அந்தப் பொய் மட்டும் இன்னும் என்னை விடவில்லை.

திரும்பினால், மேஸ்திரி கை கழுவிக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"ரெண்டு பக்கமும் எரிச்சியா?" என்றார்.

ஐந்து மாதம் கழித்து வந்த இரண்டாவது கேள்வி. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"வலது பக்கம் எரிக்கல மேஸ்திரி."

அவர் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். காய்ந்த கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நானும் ஒரு தபாதான் கேட்டேன்" என்றார் கடைசியில். "இப்பவே பூந்தமல்லி போ. டாக்டரம்மாகிட்ட உள்ளத சொல்லு. வண்டிய நாளைக்கி விடியறதுக்குள்ள காட்டுப்பாக்கத்துக்கு எடுத்துக்கினு வரச் சொல்லு."

"இங்க கொண்டாந்து இன்னிக்கே எரிச்சுடறேன் மேஸ்திரி."

"எரிச்சுட்டா அந்தப் பொண்ணு சொன்னதுக்கு யாரு சாட்சி? கைய வைக்காத."

டாக்டரம்மா நான் சொன்னதை நாற்காலியில் உட்கார்ந்தபடி கேட்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை. "நானும் அவளை நம்பலை. அவ கையைப் பிடிச்சுக்கிட்டு, அது உன் பயம்தான்மான்னு சொன்னேன்" என்றார். அப்புறம் எழுந்து முகம் கழுவப் போனார்.

மறுநாள் விடியும்போது நாங்கள் காட்டுப்பாக்கத்தில் இருந்தோம். வண்டியைக் கிழக்கு பார்த்து நிறுத்தச் சொன்னார் மேஸ்திரி. தெருவில் கூட்டம் சேர்ந்துவிட்டது. பெருமாளும் அவன் அம்மாவும் வீட்டு வாசலில் நின்றார்கள். அந்தப் பொண்ணைக் கூட்டிவராமல் வண்டியைத் தொட மாட்டேன் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். பெருமாள் மாமியார் வீட்டுக்கு ஓடினான். பக்கத்துத் தெருதான். அந்தப் பக்கத்துத் தெருவுக்கு இரண்டு மாதமாக அவன் போகவில்லை. கோவிந்தம்மா வந்து சற்றுத் தள்ளி நின்றாள்.

மேஸ்திரி ஒரு துணியை எண்ணெயில் நனைத்து, வலது பக்கத் தகட்டை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை துடைத்தார். நான் சாகடித்து வைத்திருந்த மினுக்கம் திரும்ப வந்தது. வெயில் அதில் சாய்ந்தது.

"ஒவ்வொருத்தரா இப்படி வந்து நின்னு பாருங்க" என்றார். "இது என் ஷெட்டு வேலை. தப்பு எங்களுது. அந்தப் பொண்ணு பாத்தது நிசம்."

முதலில் பெருமாள் பார்த்தான். பார்த்துவிட்டு நகராமல் நின்றான். அவன் அம்மாவைப் பிடித்து இழுத்து வந்து நிறுத்தினார்கள். அந்த அம்மாள் குனிந்து பார்த்தாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள். அப்புறம் தெரு முழுக்க வரிசையாக வந்து பார்த்தது. கோவில் வாசலில்கூட அப்படி ஒழுங்காக வரிசை நிற்காத ஜனம். ஒரு கிழவர், "பாவம், மாலை அப்படியே கீது பாரு" என்று முணுமுணுத்தார்.

கோவிந்தம்மா பார்க்க வரவில்லை. வாம்மா, நீயும் பார் என்று டாக்டரம்மா கூப்பிட்டார்.

"நான்தான் பாத்தேனேம்மா" என்றாள்.

எல்லோரும் கலைந்த பிறகு நான் அவளிடம் போனேன். மன்னித்துக்கொள் என்று சொல்ல நினைத்துப் போனேன். அதற்குள் அவளே பேசினாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"ஊரே இல்லன்னு சொல்லிச்சு. அப்பல்லாம் நான் அசரலண்ணே. நீ இல்லன்னு சொன்ன பாரு, அன்னிக்கித்தான் என் கண்ணு மேல எனக்கே சந்தேகம் வந்துச்சு. என் புள்ளைய நான்தான் கொன்னுட்டேன்னு நெனச்சுகினே ஊடு போய்ச் சேந்தேன்."

சொல்ல நினைத்துப் போன வார்த்தையை அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு வந்தேன்.

அவள் அன்றே புருஷன் வீட்டுக்குத் திரும்பினாள். வலது பக்கத் தகட்டைக் கழற்றி, எரித்து, டிங்கரிடம் கொடுத்து நிமிர்த்தி, வெள்ளையிலிருந்து ஆரம்பித்து எல்லாக் கோட்டையும் நான் ஒருவனே அடித்தேன். சித்திரை வெயிலில் செய்தேன். அந்தக் கறுப்பும் தங்கரேக்கும் உருகி வழிந்த நாற்றம் மூக்கில் ஒரு மாதம் இருந்தது. மேஸ்திரி என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் அவரிடம்தான் இருந்தேன். ஆனால் தேய்த்தாயா, எரித்தாயா, காய்ந்ததா என்று எதையுமே அப்புறம் அவர் என்னிடம் கேட்டதில்லை. தானே வந்து தொட்டுப் பார்த்துக்கொண்டார். கேட்காமல் இருக்கிறவரிடம் உண்மை சொல்லி என்ன ஆகப்போகிறது.

வண்டி பழையபடி ஓடியது. பெண்கள் ஏறினார்கள். மேஸ்திரி தெருவில் நின்று தப்பை ஒப்புக்கொண்டதாலேயே நம்பிக்கை வந்தது என்று டாக்டரம்மா சொன்னார். இருக்கலாம். அதற்கடுத்த வருஷம் கோவிந்தம்மா மறுபடியும் முழுகாமல் இருக்கிறாள் என்று துரைசாமி சொன்னான். மாதம் நெருங்க நெருங்க நான் அவனைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் அந்த வண்டியில் ஏறிவிட்டால் போதும் என்று இருந்தது. எனக்காகத்தான். வேறு யாருக்காக.

ஒரு நாள் அவன் வந்து, பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சௌக்கியம் என்றான்.

"வண்டியில வந்தாளா?"

"இல்ல அண்ணாத்தே. வண்டிய அவ ஊட்டாண்டயே கொண்டும்போயி நிறுத்துனேன். வெளிய வந்து நின்னு பாத்தா. மாலைய எடுத்துட்டாங்க, தகரத்தையே கழட்டி எரிச்சுட்டாங்க, இப்ப ஒன்னுமில்ல, ஏறும்மான்னேன். யாரு சொன்னான்னு கேட்டா. பெயிண்ட் ஷெட்டுக்காரங்கதான் சொன்னாங்கன்னேன். 'என்னாண்டயும் அவங்கதான் ஒன்னுமில்லன்னு சொன்னாங்க'ன்னுட்டு, மாட்டு வண்டியில ஏறி உக்காந்துகினா."